தழுவல் என்றால் என்ன? அலிபாபா படத்தைத் திரும்பப் பார்ப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

சின்ன வயதில் விரும்பிப் பார்த்த மாயக்கதைப் படத்தைப் பல வருஷம் கழித்துத் திரும்பப் பார்ப்பவர்கள் வழக்கமாக இரண்டு விஷயம் சொல்வார்கள். "அந்தக் குகை எவ்வளவு பெரிதாக ஞாபகம் இருந்தது, இப்போது பார்த்தால் சின்ன செட்" என்பார்கள். அல்லது, "இப்படி ஒரு காட்சி இதில் இருந்ததா?" என்று கேட்பார்கள். முதலாவதைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. எத்தனையோ படம் பார்த்துக் கண் பழகிவிட்டது. இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. படத்தில் ஒரு காட்சி கூடவில்லை, குறையவில்லை. அப்படியிருக்க, கதையைத் தாங்கி நிற்கும் ஒரு பாத்திரமே அப்போது கண்ணில் படாமல் போனது எப்படி?

இதற்குப் பதில் தேடும்போது 'தழுவல்' என்ற கருத்து கைகொடுக்கும். சினிமாவைப் பாடமாகப் படிப்பவர்கள் இதைப் பற்றித் தடித்தடியான நூல்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அடிப்படை எளிதுதான். ஏற்கெனவே ஒரு வடிவத்தில் இருக்கும் கதையை எடுத்து இன்னொரு வடிவத்தில் புதிதாகச் சொல்வது தழுவல். நாவல் படமாகலாம், நாடகம் படமாகலாம், ஒரு மொழிப் படம் இன்னொரு மொழிக்குப் போகலாம். நாவலைப் படமாக்கினால் ஒப்பிடுவது சுலபம். புத்தகம் கையில் இருக்கிறது, எது விடுபட்டது என்று பக்கம் பக்கமாகப் பார்த்துவிடலாம். மாயக்கதையில் அது முடியாது. அவை எழுத்துக்கு வரும் முன்னால் வாயால் சொல்லப்பட்டவை. சொல்பவருக்கு ஏற்ப, கேட்பவருக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்தவை. "இதுதான் அசல்" என்று எடுத்துக் காட்ட ஒரு பிரதி பெரும்பாலும் கிடையாது. ஆகவே மாயக்கதையைப் படமாக எடுப்பவரும் அந்த வரிசையில் வரும் இன்னொரு கதைசொல்லிதான். அவர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார், யார் முகத்தை அதிக நேரம் காட்டினார் என்று கேட்க ஆரம்பித்தால் படம் திறந்துகொள்ளும்.

அலிபாபா கதையை வைத்தே விளக்குகிறேன். மலேசியத் தமிழர்களுக்கு இது இரண்டு வாசல் வழியாக வந்த கதை. ஒன்று, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. எம்.ஜி.ஆர்., பானுமதி, பி. எஸ். வீரப்பா நடித்தது. இன்னொன்று, பினாங்கில் பிறந்த பி. ராம்லி இயக்கிய மலாய் நகைச்சுவைப் படம் 'அலி பாபா புஜாங் லாப்போக்'. தமிழ் அலிபாபாவை நம் வீட்டில் பார்த்துவிட்டு, மலாய் அலிபாபாவைப் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். என் அம்மா முதல் படத்தைப் பார்த்தது தோட்டத்துத் திடலில், வெள்ளைத் துணி கட்டி ஓட்டியபோது. நான் பார்த்தது ஜார்ஜ்டவுன் லெபோ பசார் பக்கம் வாங்கிய வீடியோ கேசட்டில். இருவருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஒன்றே: "அண்டா காகசம், அபூ கா ஹுக்கும், திறந்திடு சீசேம்." பாறை விலகும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் இருவருமே தடுமாறுவோம்.

அந்த 'அதற்குப் பிறகு'தான் கதையின் பெரும்பகுதி.

முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஆயிரத்தொரு இரவுகளில் உள்ள கதை என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்துவான் கலான் என்ற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கதைகளை அரபியிலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவர் கையில் வைத்திருந்த பழைய அரபுச் சுவடியில் அலிபாபா கதை இல்லை. 1709இல், சிரியாவின் அலெப்போ நகரத்திலிருந்து பாரிசுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் கலானுக்குப் பல கதைகளை வாயால் சொன்னார். அலாவுதீனும் அலிபாபாவும் அப்படி வந்தவைதான். கலான் தன் நாட்குறிப்பில் அவற்றைச் சுருக்கமாகக் குறித்துக்கொண்டு, பிறகு விரித்து எழுதினார். அலிபாபா கதை 1717இல், கலான் இறந்த பிறகு, அச்சில் வந்தது. புத்தகத்தில் தியாபின் பெயர் இல்லை. தியாப் வயதான காலத்தில் எழுதிய பயண நினைவுகள் வத்திக்கான் நூலகத்தில் இருந்து, 20ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆய்வாளர்கள் அது அவர் எழுதியது என்று அடையாளம் கண்டார்கள். உலகம் முழுக்கப் பரவிய இரண்டு கதைகளைச் சொன்னவர் யார் என்பது பரவலாகத் தெரிய இவ்வளவு காலம் ஆயிற்று. எனக்கு இது இன்றும் மனசைத் தொடும் செய்தி.

இதில் இன்னொரு விவரம் இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். கலான் தன் நாட்குறிப்பில் இந்தக் கதைக்கு இட்ட தலைப்பில் அலிபாபா இல்லை. 'மர்ஜியானாவின் சாமர்த்தியங்கள், அல்லது ஓர் அடிமைப் பெண்ணின் திறமையால் ஒழிக்கப்பட்ட நாற்பது திருடர்கள்' என்பது அதன் பொருள். அச்சில் வரும்போது அலிபாபா முன்னுக்கு வந்தார், நாற்பது திருடர்கள் அடுத்து வந்தார்கள், 'ஓர் அடிமைப் பெண்ணால் ஒழிக்கப்பட்ட' என்பது வாலாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு வந்த பதிப்புகளிலும் படங்களிலும் அந்த வாலும் போயிற்று. மிச்சம் இருப்பது இன்று நாம் சொல்லும் தலைப்பு. தழுவல் என்பது படப்பிடிப்பு தொடங்கும் நாளில் தொடங்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் கதை, கைமாறிக் கைமாறி, அவள் வேலை செய்த வீட்டுக்காரரின் கதையாகிவிட்டது.

சரி, அச்சில் வந்த கதை என்னதான் சொல்கிறது? சிறுவர் பதிப்புகளில் பாதி வெட்டுப்பட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காசிம், அலிபாபா என்று இரண்டு சகோதரர்கள். காசிம் பணக்கார வீட்டில் பெண் எடுத்தவன். அலிபாபா விறகு வெட்டிப் பிழைப்பவன். குகையிலிருந்து அலிபாபா பொற்காசுகளைக் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு வருகிறான். எண்ண நேரமில்லை என்று அவன் மனைவி, அளந்து பார்க்க ஓரகத்தி வீட்டில் ஒரு படி இரவல் கேட்கிறாள். 'இந்த ஏழைகள் அளக்க என்ன தானியம் வைத்திருக்கிறார்கள்?' என்று காசிமின் மனைவிக்குச் சந்தேகம். படியின் அடியில் கொழுப்பைத் தடவிக் கொடுக்கிறாள். திரும்பி வரும்போது அதில் ஒரு பொற்காசு ஒட்டியிருக்கிறது. சிறுவயதில் இதை வேடிக்கையாகப் பார்த்திருப்போம். கூட்டுக் குடும்பத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இப்போது அந்தப் படியில் பல வருஷத்துக் கசப்பு தெரியும்.

காசிம் குகைக்குப் போகிறான், உள்ளே மந்திரச் சொல்லை மறந்துவிடுகிறான், திருடர்கள் வந்து அவனை வெட்டி, உடலை நான்கு துண்டாக்கிக் குகைக்குள்ளேயே தொங்கவிடுகிறார்கள். அலிபாபா அதை எடுத்துக்கொண்டு வருகிறான். மர்ஜியானா கதைக்குள் வருவது இங்கேதான். அவள் காசிம் வீட்டு அடிமைப் பெண். காசிம் கொலையுண்டது வெளியே தெரிந்தால் திருடர்கள் தேடி வந்துவிடுவார்கள். ஆகவே அவள் மருந்துக்கடைக்குப் போய், "எங்கள் எஜமானருக்கு உடம்பு சரியில்லை" என்று மருந்து வாங்குகிறாள். மறுநாள் போய் இன்னும் கடுமையான நோய்க்கான மருந்தைக் கேட்கிறாள். ஊரே காசிம் சாகக் கிடக்கிறான் என்று நம்பிவிடுகிறது. பிறகு ஒரு கிழட்டுச் செருப்புத் தொழிலாளியைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, துண்டான உடலைத் தைக்கச் செய்து, இயற்கைச் சாவு போல அடக்கம் நடக்க வைக்கிறாள். அலிபாபா இதில் செய்தது, அவள் சொன்னபடி நடந்துகொண்டது மட்டும்தான். அப்புறம் அண்ணியை மணந்துகொண்டு அதே வீட்டில் குடியேறுகிறான். ஏற்கெனவே மனைவி உள்ளவன் என்பது அந்தக் காலத்துக் கதைக்கு ஒரு பொருட்டல்ல. நான் பார்த்த சிறுவர் பதிப்பு எதிலும் இந்தக் கல்யாணம் இல்லை.

திருடர்கள் துப்புத் துலக்கி, செருப்புத் தொழிலாளியை மறுபடி கண்ணைக் கட்டி நடக்க வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். கதவில் சுண்ணக்கட்டியால் குறி போடுகிறார்கள். மர்ஜியானா அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகளிலும் அதே குறியைப் போட்டுவிடுகிறாள். அடுத்த முறை சிவப்புக் குறி. அதற்கும் அதே பதில். தோற்ற இரண்டு திருடர்களும் தங்கள் கூட்டத்தாலேயே கொல்லப்படுகிறார்கள். மூன்றாவதாகத் தலைவனே எண்ணெய் வியாபாரி வேஷத்தில் வருகிறான். 38 ஜாடிகள். ஒன்றில் எண்ணெய், மற்ற 37இல் ஆட்கள். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துபோய், மர்ஜியானா இரவில் ஜாடி அருகே போகிறாள். உள்ளேயிருந்து "நேரமாகிவிட்டதா?" என்று ஒரு குரல். அவள் அலறவில்லை. "இன்னும் இல்லை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஜாடியிடமும் போய் அதையே சொல்கிறாள். கடைசி ஜாடியில்தான் எண்ணெய். அதை எடுத்துக் கொதிக்க வைத்து ஜாடி ஜாடியாக ஊற்றுகிறாள். விடியும்போது 37 பேர் செத்துக் கிடக்கிறார்கள். அலிபாபா இரவு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கடைசிக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. தப்பிய தலைவன் வேறொரு வேஷத்தில் அலிபாபாவின் மகனோடு பழகி, விருந்துக்கு வருகிறான். தனக்குச் சமைக்கும் உணவில் உப்பு வேண்டாம் என்கிறான். மர்ஜியானாவுக்கு அது உறுத்துகிறது. உப்பில்லாமல் சாப்பிடுகிறவன் யார் என்று சாப்பாடு வைக்கும் சாக்கில் போய்ப் பார்த்து, அடையாளம் கண்டுகொள்கிறாள். ஒரு வீட்டு உப்பைத் தின்றவன் அந்த வீட்டுக்காரரைக் கொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அவன் கொல்ல வந்தவன், ஆகவே உப்பைத் தவிர்க்கிறான். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மர்ஜியானா நடன உடையில், கையில் கத்தியோடு ஆட வருகிறாள். ஆட்டத்தின் முடிவில் அந்தக் கத்தி தலைவன் மார்பில் இறங்குகிறது. முதலில் பதறும் அலிபாபா, உண்மை தெரிந்ததும் அவளைத் தன் மகனுக்கே மணமுடிக்கிறான். எண்ணெய்ச் சம்பவத்துக்குப் பிறகே அவளுக்கு விடுதலை கொடுத்தாயிற்று. இந்தக் கல்யாணத்தில் அவள் விருப்பம் என்ன என்று யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

இப்போது 1956 படத்துக்கு வருவோம். டி. ஆர். சுந்தரம் இயக்கியது, கேவா கலரில் எடுக்கப்பட்டது, தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம் என்று வரலாற்றில் இடம் பெற்றது. தோட்டத் திடலில் கறுப்பு வெள்ளைப் படமே பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த நிறங்கள் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்கு இன்றும் கதையைவிட உடைகளின் நிறம்தான் ஞாபகம். அது அவர் மறதி என்று நான் நினைக்கவில்லை. அந்தப் படம் பார்வையாளர்களுக்குக் கொடுக்க நினைத்ததில் முக்கியமானது அந்த நிறம். அதை அவர் பத்திரமாக வாங்கிக்கொண்டார்.

படம் செய்த பெரிய மாற்றம் ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது. மர்ஜியானா அலிபாபாவின் காதலியாகிறாள். மகன் என்ற பாத்திரத்துக்கு வேலை இல்லை. 1956இல் எம்.ஜி.ஆர். நாயகன் என்றால் அவருக்கு வீரம் வேண்டும், காதல் வேண்டும், ஏழைகள் மீது இரக்கம் வேண்டும். வேலைக்காரி புத்தியால் வீட்டைக் காப்பாற்ற, நாயகன் தூங்கிக்கொண்டிருக்கும் கதையை அவரை வைத்து எடுக்க முடியுமா? ஆகவே கதையின் எடை மெல்ல நகர்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நட்சத்திரத்துக்காகப் படம் பார்க்க வருகிறவர்களுக்கு நட்சத்திரத்தைக் கொடுப்பதும் கதைசொல்லியின் கடமைதான். அதே சமயம் மர்ஜியானாவாக நடித்தவர் பானுமதி. 'அழகான பொண்ணு நான்' என்று அவர் பாடி ஆடும்போது திரையில் வேறு யாரையும் பார்க்கத் தோன்றாது. திரைக்கதை அவரிடமிருந்து எதை எடுத்ததோ, அதில் ஒரு பங்கை அவர் தன் குரலாலும் கண்ணாலும் திரும்ப வாங்கிக்கொள்கிறார். தழுவலில் நடிகரும் ஒரு கதைசொல்லி என்பதை நான் கற்றது அவரிடம்தான். 'மாசிலா உண்மைக் காதலே' பாட்டில் ஏ. எம். ராஜாவோடு அவர் சேர்ந்து பாடியிருப்பதை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

படத்துக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. 1941இலேயே என். எஸ். கிருஷ்ணன் நடித்த ஒரு தமிழ் அலிபாபா வந்திருந்தது. நகைச்சுவைக்காரர் அலிபாபாவாக நடித்தால் அவர் தூங்கலாம், பயப்படலாம், தவறலாம். நாயகன் மாறினால் கதையே மாறும்.

ராம்லி படம் அந்த வழியில் இன்னும் தூரம் போகிறது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் 1960 வாக்கில் எடுக்கப்பட்டது. அங்கே அப்போது இந்திய இயக்குநர்கள் பலர் வேலை செய்திருக்கிறார்கள். ராம்லியை முதன்முதலில் கதாநாயகனாக நடிக்கவைத்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவரே எல். கிருஷ்ணன்தான். பிறகு ராம்லி தானே இயக்குநரானார். அலிபாபா படத்தை அவரே இயக்கி, அவரே நடிக்கிறார். எந்த வேடம் தெரியுமா? அலிபாபா இல்லை, திருடர் தலைவன். பெரிய நட்சத்திரம் வில்லன் வேடத்தை எடுத்துக்கொண்டதும் கதையின் ஈர்ப்பு முழுக்கக் குகைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நாம் திருடர்களோடு சிரிக்கிறோம், அவர்கள் சச்சரவுகளைப் பார்க்கிறோம். பழைய அரபு நகரம் என்று சொல்லிக்கொண்டே அந்தக் காலத்துச் சிங்கப்பூர், மலாயா வாழ்க்கையை வேண்டுமென்றே உள்ளே விடுகிறார். சின்னப் பிள்ளையாக நான் இந்தப் படத்தைத் தமிழ்ப் படத்தின் கேலி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் ஒரே கதையை இரண்டு ஊர்கள் தங்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. ஜார்ஜ்டவுனில் ராம்லி பிறந்த வீட்டை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறிய பலகை வீட்டைப் பார்த்துவிட்டு அன்று மாலையே படத்தைப் போட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு படத்திலும் வரும் 'அரபு நாடு' ஸ்டூடியோவில் கட்டியது. தலைப்பாகை, திரைச்சீலை, ஒட்டகம் என்று ஓவியப் புத்தகத்தில் வருவது போன்ற ஒரு தேசம். நமக்கோ, லிட்டில் இந்தியாவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வந்துவிடும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் பெயர் ஆயிஷா. இப்படி வளர்ந்தவர்கள் பெரியவர்களாகிப் பார்க்கும்போது, இந்தப் படங்கள் காட்டும் முஸ்லிம் உலகம் எவ்வளவு கற்பனை என்பது உடனே புலப்படும். படம் எப்போது, யாரை மனதில் வைத்து எடுக்கப்பட்டது என்று கேட்பதும் தழுவலைப் புரிந்துகொள்வதில் ஒரு பகுதிதான்.

அலிபாபா மட்டும் இல்லை, எல்லா மாயக்கதைக்கும் இது பொருந்தும். நாட்டார் கதைகளைப் படிப்பவர்கள் ஒரே அச்சில் வார்த்த கதைகளைக் கூட்டிச் சேர்த்து எண் கொடுத்திருக்கிறார்கள். அலிபாபா 954, சிண்ட்ரெல்லா 510ஏ. இந்த ஊரில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு 'பாவாங் பூத்தே பாவாங் மேரா' கதை தெரிந்திருக்கும். இறந்த தாய் மீனாக வந்து மகளைப் பார்த்துக்கொள்கிறாள், சிற்றன்னை அந்த மீனைக் கொன்றுவிடுகிறாள், முள்ளைப் புதைத்த இடத்தில் மரம் வளர்கிறது. 9ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றில் உள்ள யே சியான் கதையிலும் சிற்றன்னை கொன்ற மீனின் முள்தான் பெண்ணுக்கு உதவுகிறது, அங்கே தொலைவது தங்கச் செருப்பு. கிரிம் சகோதரர்கள் சொல்லும் ஜெர்மன் கதையில் தாயின் சமாதியில் வளரும் மரம் உதவுகிறது. பிரான்சில் பெரோ 1697இல் எழுதியதில்தான் பூசணி வண்டியும் கண்ணாடிச் செருப்பும் தேவதையும் வருகின்றன. 1950இல் டிஸ்னி எடுத்துக்கொண்டது பெரோவின் கதையை. ஆகவே உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தேவதை தெரியும், செத்தும் மகளை விடாத அந்த அம்மாவைத் தெரியாது. பினாங்கில் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு பேரையும் தெரிய வாய்ப்பு இருக்கிறது. இது சின்ன விஷயமில்லை.

திரும்பப் பார்க்க உட்காரும்போது என்ன செய்யலாம்? போடுவதற்கு முன், கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறபடி ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாதி வழியில் நின்றுபோனால் அப்படியே விடுங்கள். பிறகு நிறுத்தாமல் ஒருமுறை பாருங்கள், பாட்டைத் தாண்டி ஓட்டாமல். முடிந்ததும் தாளோடு ஒப்பிட்டால், சிறுவயதில் உங்கள் கண் எதைப் பிடித்துக்கொண்டது, எதை விட்டது என்று தெரியும். குழந்தைகள் பெரும்பாலும் இடத்தையும் பொருளையும் பிடித்துக்கொள்கிறார்கள்: குகை, பொன், ஜாடி. யார் யாருக்கு என்ன கடன்பட்டார்கள் என்பது அவர்களுக்கு இன்னும் தேவைப்படவில்லை.

அடுத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஆபத்து வருவதை முதலில் அறிந்தவர் யார், அதை முடித்து வைப்பவர் யார்? அலிபாபா படத்தில் எண்ணெய்க் காட்சியை இந்தக் கேள்வியோடு பாருங்கள். கண்டுபிடிக்கும் வேலை யாரிடம் இருக்கிறது, கைவேலை யாரிடம் போகிறது, கொதிக்கும் எண்ணெய் இருக்கிறதா? கடைசிச் சண்டையில் ஆயுதம் யார் கையில்? அறிவையும் செயலையும் படம் யார் யாருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது என்று பார்த்தாலே, அந்தக் காலத்துப் பார்வையாளர்கள் ஒரு பெண்ணிடம் எதை ஏற்றுக்கொள்வார்கள் என்று படம் எடுத்தவர்கள் நினைத்தார்கள் என்பது விளங்கும்.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. அவர்கள் கேள்வி நேராக வரும். என் அக்கா மகளுக்கு மூலக்கதையைச் சொன்னபோது, "சின்னம்மா, அந்த 37 பேரையும் என்ன செய்தாங்க?" என்று கேட்டாள். அலிபாபாவும் இன்னொரு அடிமையும் தோட்டத்தில் பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள், ஆயுதங்களை ஒளித்தார்கள், கோவேறு கழுதைகளைச் சந்தையில் விற்றார்கள் என்று கதையில் உள்ளபடியே சொன்னேன். "அப்போ அலிபாபாவும் திருடன்தானே?" என்றாள். அவன் எடுத்தது திருட்டுச் சொத்து, உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்ததாகக் கதை எங்கும் சொல்லவில்லை. அதற்கு நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. மாயக்கதைக்கு ஒரு நியாயம் உண்டு, அது நீதிமன்ற நியாயம் இல்லை, ஏழைக்கு ஒருநாள் கதவு திறக்க வேண்டும் என்ற ஆசையிலிருந்து வருவது என்று மட்டும் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், ஞாபகத்தில் உள்ள படத்தை முதலில் பாருங்கள். முன்கூட்டியே கதையைப் படித்துவிட்டுப் போனால் குறை தேடும் கண்ணோடுதான் பார்ப்போம், பானுமதியை ரசிக்க முடியாமல் போய்விடும். படத்துக்குப் பிறகு கதை, அதற்குப் பிறகு ராம்லி. கதையைப் படிக்கப் புத்தகம் வாங்குகிறீர்கள் என்றால் கடையிலேயே கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். விருந்தாளி உப்பு வேண்டாம் என்று சொல்லும் இடம் இருக்க வேண்டும். அது இல்லாத பதிப்பு மர்ஜியானாவை அரைகுறையாகத்தான் சொல்லும், வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள்.